நெட் ஸ்லோ என்று அழைப்பு வந்தால்: ஸ்விட்ச் நெரிசலைப் பிடிக்கும் வழி

"தம்பி, முந்நூறு எம்.பி. பிளானுக்கு மாத்தியாச்சு. பிறகும் பில்லு வர மாட்டேங்கு, கறங்கிட்டே கெடக்கு."

"அண்ணாச்சி, பில்லிங் சர்வர் எங்க இருக்கு?"

"மேல மாடியிலதான். எதுக்கு கேக்கிய?"

நாகர்கோவில் பக்கம் நெட்வொர்க் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே இப்படி ஒரு அழைப்பு வந்துவிடும். கவுண்டர் தரைத்தளத்தில், சர்வர் மாடியில். பில் போடும்போது டேட்டா கட்டடத்தை விட்டு வெளியே போவதே கிடையாது. இன்டர்நெட் பிளானை எவ்வளவு கூட்டினாலும் அந்தப் பாதையில் எதுவும் மாறாது. நடுவில் இரண்டோ மூன்றோ ஸ்விட்ச் இருக்கும். அவற்றில் ஏதோ ஒரு போர்ட்டில் வரிசை நீண்டுகொண்டிருக்கும். அந்த ஒரு போர்ட்டைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. கண்டுபிடிக்கும் முன்பே செட்டிங்கில் கை வைத்தால் இருந்த சிக்கலோடு இன்னொன்றும் சேரும்.

ஐ.பி. முகவரி போடவும் கேபிள் க்ரிம்ப் செய்யவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வரிசை எங்கே சேர்கிறது

டேட்டா ஃபிரேம் எனப்படும் சிறு பொட்டலங்களாகப் போகும். ஸ்விட்ச் ஒரு ஃபிரேமை வாங்குகிறது. அது சேர வேண்டிய நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரியைத் தன் அட்டவணையில் தேடி, எந்தப் போர்ட் என்று தெரிந்ததும் அந்தப் போர்ட்டுக்கான வரிசையில் நிறுத்துகிறது. போர்ட் சும்மா இருந்தால் ஃபிரேம் உடனே வெளியேறும். இல்லாவிட்டால் பஃபர் எனப்படும் சிறிய நினைவகத்தில் காத்திருக்கும். 1518 பைட் உள்ள ஒரு முழு ஃபிரேம் 1 ஜி.பி.பி.எஸ். போர்ட்டில் வெளியேற ஏறக்குறைய 12 மைக்ரோ விநாடி ஆகும். 100 எம்.பி.பி.எஸ். போர்ட்டில் அதே ஃபிரேமுக்கு 120-க்கு மேல்.

பல போர்ட்டுகளிலிருந்து வருவதெல்லாம் ஒரே போர்ட் வழியாகப் போக வேண்டியிருந்தால் வரிசை நீளும். வேகமான போர்ட்டில் வந்தது மெதுவான போர்ட்டில் வெளியேற வேண்டியிருந்தாலும் நீளும். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பஃபர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கணினிகள் ஒவ்வொன்றும் 1 ஜி.பி.பி.எஸ். வேகத்தில் ஒரே சர்வருக்கு அனுப்புகின்றன. சர்வர் போர்ட்டும் 1 ஜி.பி.பி.எஸ்.தான். ஆக விநாடிக்கு 125 மெகாபைட் மிச்சப்படுகிறது. ஸ்விட்சில் 512 கிலோபைட் பஃபர் இருந்தால் 4 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பிறகு வருகிற ஃபிரேம்கள் கைவிடப்படும். ஸ்விட்சின் கணக்கில் இவை 'டிஸ்கார்ட்' அல்லது 'டிராப்' என்று ஏறும்.

அட்டைப்பெட்டியில் '48 ஜி.பி.பி.எஸ். ஸ்விட்சிங் கெபாசிட்டி' என்று போட்டிருப்பதைக் காட்டி, இதில் எப்படி நெரிசல் வரும் என்று கடைக்காரர் கேட்பார். 24 போர்ட், ஒவ்வொன்றிலும் 1 ஜி.பி.பி.எஸ்., போக வர இரண்டு திசை: அதுதான் 48. உள்ளே இருக்கும் பாதை அகலம் என்பதற்கு அந்த எண் சாட்சி. இருபது பேர் ஒரே போர்ட்டுக்குள் நுழையப் பார்த்தால் அந்த எண்ணால் ஒரு உதவியும் இல்லை.

ஃபிரேம் கைவிடப்படுவதை உடனே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டேட்டா முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டி.சி.பி. என்ற விதிமுறை அந்த இழப்பை வைத்துத்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே 32 கே.பி.பி.எஸ். இணைப்பு விநாடிக்கு 40 பிட் என்ற அளவுக்குச் சரிந்தது. இழந்ததை எல்லாரும் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பியதால் வந்த வினை. அதன் விளைவாக வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட முறைகளின் வழித்தோன்றல்கள் இன்று உங்கள் கைபேசியிலும் ஓடுகின்றன. ஆகவே பேக்கப் காப்பி ஓடும்போது சில டிராப் வருவது இயல்பு. பில்லிங்கும் குரல் அழைப்பும் போகிற பாதையில் டிராப் ஏறினால்தான் கவலை. குரல் யு.டி.பி. என்ற வேறு விதிமுறையில் போகிறது. அது தானாக வேகத்தைக் குறைப்பதும் இல்லை, இழந்ததைத் திரும்பக் கேட்பதும் இல்லை.

முதல் வேலை: ஒரு தாளும் பேனாவும்

லேப்டாப்பைத் திறக்கும் முன் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எதிலிருந்து எதற்குக் கேபிள் போகிறது, இரு முனையிலும் என்ன வேகம் என்று தாளில் வரையுங்கள். மேசைக்கு அடியில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஜவுளிக்கடையானால் டிரையல் ரூமுக்குப் பின்னால் என்று யாரோ எப்போதோ வைத்த ஐந்து போர்ட் ஸ்விட்ச் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். அதையும் வரைய வேண்டும். பெரும்பாலும் அதுதான் நீங்கள் தேடி வந்தது.

ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். தரைத்தள ஸ்விட்சிலிருந்து முதல் மாடிக்கு ஒரு கேபிள், அங்கிருந்து இரண்டாம் மாடிக்கு இன்னொன்று. தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் எட்டு எட்டாகப் பதினாறு கேமரா. இரண்டாம் மாடியில் கேமரா பதிவுப் பெட்டியான என்.வி.ஆர்., பக்கத்தில் பில்லிங் சர்வர். கேமராவுக்கு வாங்கிய, டேட்டா கேபிளிலேயே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்சுகள் விலை குறைந்த ரகம். அடுத்த ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டும் 100 எம்.பி.பி.எஸ்.தான். கேமரா ஒன்று 6 எம்.பி.பி.எஸ். அனுப்பினால் பதினாறுக்கு 96. முதல் மாடியிலிருந்து மேலே போகும் அந்த ஒரே கேபிளில் 100-க்கு 96 கேமராவுக்கே சரியாகிவிட்டது. பில்லிங் மிச்சமுள்ள இடுக்கில் நுழைய வேண்டும்.

கேமராவும் சீராக அனுப்புவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் முழுப்படம் ஒன்றை அனுப்பும். நடுவில் மாற்றங்களை மட்டும் அனுப்பும். முழுப்படம் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரியது. ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் போய்த் திரும்பும்போது எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் எழுந்தால், முழுப்படங்கள் ஒரே நொடியில் வந்து முட்ட வாய்ப்புண்டு. நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று காலை கரண்ட் வந்த பிறகு கெட்டுப்போச்சு என்று அண்ணாச்சி சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

இந்தக் கடையில் எந்தச் செட்டிங்கும் மாற்றாமலே தீர்வு கிடைக்கிறது. இரண்டு தளத்திலிருந்தும் தனித்தனிக் கேபிளை இரண்டாம் மாடியில் ஒரு கிகாபிட், அதாவது 1 ஜி.பி.பி.எஸ். ஸ்விட்சுக்கு நேராகக் கொண்டுபோங்கள். பில்லிங் கவுண்டர்களை கேமரா ஸ்விட்சில் செருகாமல் வேறு ஸ்விட்சில் போடுங்கள். பி.ஓ.இ. ஸ்விட்ச் வாங்கும்போது அப்லிங்க் மட்டுமாவது கிகாபிட் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவில் வீடியோவைச் சுருக்கும் முறையாக எச்.264-க்குப் பதில் எச்.265 தேர்ந்தெடுக்க முடிந்தால் அதே தரத்துக்கு டேட்டா கணிசமாகக் குறையும், என்.வி.ஆர். அதை ஏற்குமா என்று மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள். என்.வி.ஆரை கேமரா ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அந்த ஸ்விட்சின் கேமரா டேட்டா மற்ற பாதைகளுக்கு வரவே வராது.

கேபிளைச் சந்தேகப்படுங்கள்

100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு இரண்டு ஜோடி கம்பி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். ஒரு கம்பி சரியாக அமுங்காவிட்டால் பல ஸ்விட்சுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லிங்க் விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு அப்லிங்க் போர்ட்டிலும் விளக்கின் நிறத்தைப் பாருங்கள். 1000-க்கு எந்த நிறம், 100-க்கு எந்த நிறம் என்று ஸ்விட்ச் மேலேயே அச்சிட்டிருக்கும்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி மாதிரிக் கடலோரத்தில் இன்னொரு தொல்லை. உப்புக்காற்றில் ஆர்.ஜே.45 முனையின் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறும். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகங்களிலும் ஐஸ் ஆலைகளிலும் வெளிப்புறக் கேமராவின் முனையைக் கழற்றினாலே பார்க்கலாம். துடைத்துச் செருகினால் சில நாள் ஓடும். வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போடுவதே வேலை. கேபிளிலும் கவனம் வேண்டும். அலுமினியக் கம்பிமேல் தாமிரம் பூசியது சந்தையில் மலிவாகக் கிடைக்கும்; பெட்டி எடையிலேயே லேசாக இருக்கும். பி.ஓ.இ. கேமராவுக்கு அதை இழுக்கவே கூடாது. தடை அதிகமாகி மின்சாரம் வழியிலேயே வீணாகும், கம்பியும் எளிதில் ஒடியும். முழுத் தாமிரக் கேபிளானாலும் 100 மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் தாமிரக் கேபிள் தொங்குகிறது என்றால் உரிமையாளரிடம் ஃபைபருக்கு மாறச் சொல்லுங்கள். ஐப்பசி இடி ஒன்று போதும், இரு பக்க ஸ்விட்சும் போய்விடும்.

எண்கள் சொல்வது

செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் அல்லது ஸ்மார்ட் ஸ்விட்ச் இருந்தால் அதன் வலைப்பக்கத்தில் போர்ட் புள்ளிவிவரம் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி மேதை ஆகிவிட்டீர்கள்.

சி.ஆர்.சி. அல்லது எஃப்.சி.எஸ். பிழை ஏறுகிறது என்றால் ஃபிரேம் வழியில் சிதைந்து வந்திருக்கிறது. கேபிள், முனை, ஃபைபர் செருகும் எஸ்.எஃப்.பி. மாட்யூல் இவற்றில் குற்றம். அவுட் டிஸ்கார்ட் ஏறுகிறது என்றால் ஃபிரேம் நல்லபடி வந்து, வெளியேற இடமில்லாமல் விழுந்திருக்கிறது. அதுதான் நெரிசல். முதலாவதற்குக் கேபிளை மாற்ற வேண்டும். இரண்டாவதற்குக் கேபிளை மாற்றி ஒரு பயனும் இல்லை. இரண்டையும் 'எரர்' என்று ஒரே பெயரில் எழுதிவைத்துவிட்டு, நல்ல கேபிளை எல்லாம் பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு.

சி.ஆர்.சி. ஏறும்போது டூப்ளெக்ஸையும் ஒரு கண் பாருங்கள். ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒரு முனையில் யாரோ '100 ஃபுல்' என்று கையால் நிலைநிறுத்தியிருப்பார்கள்; மறுமுனை ஆட்டோவில் இருக்கும். ஆட்டோ முனைக்கு எதிராளியின் வேகம் தெரியும், டூப்ளெக்ஸ் தெரியாது. விதிப்படி ஹாஃபுக்கு இறங்கிவிடும். ஃபுல் முனையில் சி.ஆர்.சி. பிழை, ஹாஃப் முனையில் லேட் கொலிஷன். இரு முனையும் ஆட்டோ, இல்லையேல் இரு முனையும் ஒரே நிலை. வேறு வழி கிடையாது.

பழைய எண்களை அழித்துவிட்டு, கடை சூடுபிடிக்கும் நேரம்வரை காத்திருந்து மறுபடி பாருங்கள். ஓணத்துக்கு முந்திய வாரமும் கிறிஸ்துமஸ் வாரமும் மாலை ஏழு மணிக்கு வருகிற கூட்டத்தில் எடுத்த எண்தான் எண். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாப் போர்ட்டும் நல்லவைதான்.

வரைபடம் காட்டும் மென்பொருள் வைத்திருந்தாலும் ஐந்து நிமிடச் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஐந்து விநாடியிலும் ஒரு விநாடி முழுவதுமாக நிரம்பி, நான்கு விநாடி வெறுமையாகக் கிடக்கும் போர்ட்டும் சராசரியில் 20 சதவீதம்தான் காட்டும். பஃபர் நிரம்ப 4 மில்லி விநாடி போதும் என்று மேலே பார்த்தோம். வரைபடத்தில் பாதிகூட நிரம்பாத போர்ட்டில் டிஸ்கார்ட் ஏறினால் டிஸ்கார்டைத்தான் நம்ப வேண்டும். ஸ்விட்சின் எண்களைத் தொலைவிலிருந்து படிக்கும் எஸ்.என்.எம்.பி. வழியாக எடுப்பதாக இருந்தால் 64 பிட் கவுண்டரைத் தேர்ந்தெடுங்கள். 32 பிட் கவுண்டர் கிகாபிட் முழு வேகத்தில் 34 விநாடியில் ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் கிடைப்பது வெறும் கற்பனை எண்.

மேனேஜ்டு ஸ்விட்சே இல்லாத இடத்தில் பிங் போதும். கவுண்டர் கணினியிலிருந்து சர்வருக்குத் தொடர்ந்து பிங் ஓட விடுங்கள். கட்டடத்துக்குள் 1 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். கூட்ட நேரத்தில் 20, 40 என்று ஏறினால் எங்கோ வரிசை இருக்கிறது. 512 கிலோபைட் வரிசை 100 எம்.பி.பி.எஸ். போர்ட்டில் கரைய 42 மில்லி விநாடி ஆகும். நீங்கள் பார்க்கும் எண்ணும் அந்தச் சுற்றில்தான் இருக்கும். ஸ்விட்சின் சொந்த முகவரிக்குப் பிங் அடித்து முடிவுக்கு வராதீர்கள். ஸ்விட்சின் சி.பி.யு. பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். வரிசையே இல்லாதபோதும் எண் எகிறும்.

பாதையின் முழுக் கொள்ளளவு வேண்டுமென்றால் இரு முனையிலும் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை ஓட்டுங்கள். நல்ல கிகாபிட் பாதை 940 எம்.பி.பி.எஸ். அளவில் காட்டும், 100 பாதை 94. கடை அடைத்த பிறகு ஓட்டுங்கள். திறந்திருக்கும்போது ஓட்டினால் நெரிசலை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

எல்லா விளக்கும் ஒன்றாக மின்னினால்

இது நெரிசலின் கொடூர வடிவம். யாரோ பெருக்கும்போது கழன்ற பேட்ச் கார்டின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடுவார்கள். அல்லது ஐ.பி. போனின் இரண்டு போர்ட்டையும் சுவரில் மாட்டிவிடுவார்கள். ஈதர்நெட் ஃபிரேமில் இத்தனை தாவலுக்குப் பின் சாக வேண்டும் என்ற கணக்கு கிடையாது. எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒன்று சுற்றத் தொடங்கினால் பெருகிக்கொண்டே சுற்றும். சில விநாடிகளில் எல்லாப் போர்ட்டும் நிரம்பி, விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னும்.

இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்ற கணினி விஞ்ஞானி 1985-ல் உருவாக்கியது, சுற்று உண்டாக்கும் பாதையை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ. இப்போது அதன் வேகமான வடிவமான ஆர்.எஸ்.டி.பி.யை எல்லா மேனேஜ்டு ஸ்விட்சிலும் இயக்கிவையுங்கள். கணினி மாட்டும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று அறிவித்து, அங்கே ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை அணைக்கும் பி.பி.டி.யு. கார்டு (guard) காவலும் போடுங்கள். ஸ்டார்ம் கன்ட்ரோல் இருந்தால் பிராட்காஸ்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள். மலிவு ஸ்விட்சானால் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது விளக்குகள் அடங்குகின்றன என்று பார்ப்பதைத் தவிர வழி இல்லை. அப்லிங்கிலிருந்து தொடங்குங்கள், சீக்கிரம் முடியும்.

விலானும் இரட்டைக் கேபிளும்

"கேமராவை தனி விலான்ல போட்டாச்சு, இனி நெரிசல் வராது" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். விலான் என்பது ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. அது பிராட்காஸ்டைப் பிரிக்கும், யார் யாரைப் பார்க்கலாம் என்பதைப் பிரிக்கும். இரண்டு விலானும் ஒரே அப்லிங்கில் போனால் அந்த 100 எம்.பி.பி.எஸ். அப்படியே 100-தான். பாதுகாப்புக்காக கேமராவைத் தனி விலானில் போடுங்கள், நல்ல வழக்கம். நெரிசல் தீரும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டு கேபிளைச் சேர்த்து ஒன்றாக்கும் எல்.ஏ.சி.பி. பற்றியும் இதே எச்சரிக்கை. ஒரு உரையாடலின் ஃபிரேம்கள் வரிசை மாறாமல் போக வேண்டும் என்பதால் ஸ்விட்ச் ஒரு உரையாடலை ஒரே கேபிளில்தான் அனுப்பும். ஒரு கணினியிலிருந்து ஒரு சர்வருக்கு ஓடும் பேக்கப் இரண்டு கேபிள் இருந்தாலும் 1 ஜி.பி.பி.எஸ்.க்கு மேல் போகாது. பல பேர் பல திசையில் பேசும் அப்லிங்கில்தான் இது பலன் தரும். இரு ஸ்விட்சிலும் கன்ஃபிக் முடித்த பிறகே இரண்டாவது கேபிளைச் செருகுங்கள். முந்தினால் லூப், அதாவது மேலே பார்த்த சுற்று.

யார் முதலில் போக வேண்டும்

கேபிள் சரி, வரைபடம் சரி, அப்லிங்கும் கிகாபிட். அப்படியும் உச்ச நேரத்தில் வரிசை சேர்கிறது என்றால்தான் முன்னுரிமை வகுக்கும் கியூ.ஓ.எஸ். பக்கம் வர வேண்டும். கியூ.ஓ.எஸ். கூடுதல் வேகம் எதையும் தராது. இடம் போதாதபோது யாரைக் காக்க வைப்பது என்று தீர்மானிக்கும், அவ்வளவே. வரிசையே சேராத போர்ட்டில் அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கும். விலான் டேக்கில் 3 பிட், அதாவது 0 முதல் 7 வரை எட்டு முன்னுரிமை. ஐ.பி. தலைப்பில் டி.எஸ்.சி.பி. என்ற 6 பிட், 0 முதல் 63 வரை. குரலுக்கு வழக்கமான எண் 46, பெரும்பாலான ஐ.பி. போன்கள் தாமாகவே அதைப் போட்டு அனுப்பும். ஸ்விட்ச் அந்த எண்ணை நம்ப வேண்டுமா என்பதை 'டிரஸ்ட்' செட்டிங்கில் சொல்ல வேண்டும். போனும் சர்வரும் இருக்கும் போர்ட்டில் நம்பச் சொல்லுங்கள். விருந்தினர் வைஃபை வரும் போர்ட்டில் நம்பாதீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் 46 போட்டு அனுப்பலாம்.

அடுத்து வரிசைகளை எப்படிக் காலி செய்வது. ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி என்றால் மேல் வரிசை முழுவதும் தீர்ந்த பிறகே கீழ் வரிசைக்கு முறை வரும். டபிள்யூ.ஆர்.ஆர். என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் எடைப்படி பங்கு. பேச்சிப்பாறைக் கால்வாயில் தலைமடைக்காரர் ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடை காய்வதும், முறை வைத்துத் திருப்பிவிட்டால் எல்லா வயலுக்கும் கொஞ்சமாவது போய்ச் சேர்வதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்த கதை. ஸ்ட்ரிக்ட் வரிசையில் எதை விடுகிறீர்கள் என்பதில் அதே கவனம் வேண்டும்.

குரலை விடலாம். ஜி.711 என்ற குரல் முறையில் அழைப்பு ஒன்று ஈதர்நெட் சுமையும் சேர்த்து ஒரு திசையில் 87 கே.பி.பி.எஸ்.தான். இருபது அழைப்பு ஒரே நேரத்தில் போனாலும் 2 எம்.பி.பி.எஸ். தொடாது, யாரையும் பட்டினி போடாது. கேமராவை ஸ்ட்ரிக்ட் வரிசையில் ஏற்றினால் பில்லிங் செத்தது. பாதுகாப்பு முக்கியம், கேமராவுக்கு முதலிடம் கொடு என்று முதலாளி சொன்னாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள். என் கணக்கில் நம்மூர்க் கடைக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கும் நான்கு வரிசை தாராளம்: குரல் ஸ்ட்ரிக்டில், மீதி மூன்றும் டபிள்யூ.ஆர்.ஆரில், பில்லிங்குக்குப் பெரிய பங்கு, கேமராவுக்கு நடுத்தரம், பேக்கப்பும் விருந்தினர் வைஃபையும் கடைசியில். எட்டு வரிசையும் இருக்கிறதே என்று எட்டையும் நிரப்பினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

நெரிசல் இருக்கும் கேபிளின் இரண்டு முனை ஸ்விட்சிலும் இதைச் செய்ய வேண்டும். வரிசை வெளியேறும் போர்ட்டில்தான் சேரும். மேலே போவதற்கு ஒரு ஸ்விட்ச் பொறுப்பு, கீழே வருவதற்கு மற்றது.

ஃப்ளோ கன்ட்ரோல்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நெரிசலுக்கு வந்தவர் 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்ற பொத்தானைப் பார்த்ததும் அழுத்தத் துடிப்பார். கொஞ்சம் பொறுங்கள்.

இது 1997-ல் வந்த 802.3எக்ஸ் தரம். தன் பஃபர் நிரம்பும்போது ஸ்விட்ச் எதிர்முனைக்கு 'பாஸ் ஃபிரேம்' (Pause, சற்று நிறுத்து) ஒன்றை அனுப்பும். எதிர்முனை குறிப்பிட்ட நேரம் எதையும் அனுப்பாமல் நிற்கும். கிகாபிட்டில் ஒரு பாஸ் ஃபிரேமால் அதிகபட்சம் 33 மில்லி விநாடி நிறுத்தலாம். 100 எம்.பி.பி.எஸ். போர்ட்டில் 335. முடிவதற்குள் இன்னொன்று அனுப்பி நீட்டிக்கவும் முடியும்.

எதிர்முனை எதையும் அனுப்பாமல் நிற்கும் என்பதில்தான் ஆபத்து. ஒரே ஒரு மெதுவான கணினிக்கான வரிசை நிரம்பியதற்காக அப்லிங்க் முழுவதும் நின்றுவிடும். அதே அப்லிங்கில் போகும் குரலும் பில்லிங்கும் சேர்ந்து நிற்கும். நீங்கள் கியூ.ஓ.எஸ்.ஸில் கொடுத்த முன்னுரிமை எதுவும் இங்கே செல்லாது. போதாக்குறைக்கு, டி.சி.பி.க்கு இழப்பு என்ற செய்தி போய்ச் சேராததால் அது வேகத்தைக் குறைக்கும் நேரமும் தள்ளிப்போகும். உறக்க நிலைக்குப் போன ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு கோளாறாகி விடாமல் பாஸ் ஃபிரேம் அனுப்பி ஒரு தளத்தையே உறையவைப்பதும் நடக்கிற காரியம்தான். ஸ்விட்ச் விளக்குகள் அமைதியாக இருக்க, எதுவும் வேலை செய்யாவிட்டால் பாஸ் ஃபிரேம் கவுண்டரைப் பாருங்கள்.

என் பரிந்துரை: ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே எப்போதும் ஆஃப். மற்ற போர்ட்டுகளிலும் ஆஃப். சேமிப்புச் சாதனத்தின் கையேடு வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்தப் போர்ட்டில் மட்டும் ஆன். மலிவு ஸ்விட்சுகள் பலவற்றில் இது எப்போதும் ஆனில் இருக்கும், அணைக்கவும் வழி இருக்காது. கணினிப் பக்கத்து நெட்வொர்க் கார்டு அமைப்பில் அணைத்துவிட்டால் அந்தப் போர்ட் அளவுக்கு வேலை முடியும். எட்டு முன்னுரிமைகளையும் தனித்தனியே நிறுத்தும் 802.1க்யூ.பி.பி. என்ற புதிய தரம் உண்டு. அது டேட்டா சென்டருக்கானது, நாம் விட்டுவிடலாம்.

விடுதிகள்

கன்னியாகுமரி விடுதிகளின் சிக்கல் கடைகளைப் போல் இராது. சூரியோதயம் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பும் கூட்டம் ஒரே நேரத்தில் வீடியோவை ஊருக்கு அனுப்பும். சித்ரா பௌர்ணமி என்றால் மாலையிலும் அதே கதை. இங்கே நெரிசல் உண்மையாகவே இன்டர்நெட் வாசலில், அதுவும் அப்லோடு திசையில். ஸ்விட்சை நோண்டிப் பயனில்லை. வைஃபை அமைப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று இரு திசையிலும் வரம்பு வையுங்கள். ரூட்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஷேப்பிங் இருந்தால் லைன் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து, 90 சதவீதம் என்று போடுங்கள். வரிசை அப்போது மோடத்தில் சேராமல் உங்கள் ரூட்டரிலேயே சேரும். அதை நீங்கள் ஆளலாம். 2012-ல் அறிமுகமான கோடெல் முறையும் அதன் வழிவந்த எஃப்.க்யூ. கோடெலும் உள்ள ரூட்டரானால் யோசிக்காமல் இயக்குங்கள். நீண்ட பஃபரில் பாக்கெட் கிடந்து ஊறுவதை அது தடுக்கும்.

அறை டி.வி.க்கு ஒரே ஓட்டத்தைப் பலருக்கும் தரும் மல்டிகாஸ்ட் வழியாகச் சேனல் அனுப்பும் விடுதியில் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் சேனலை அனுப்பும் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் கட்டாயம். இல்லாவிட்டால் ஒவ்வொரு சேனலும் எல்லாப் போர்ட்டுக்கும் பாயும். ஏதாவது ஒரு கருவியில், யாருக்கு எந்தச் சேனல் வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் க்வெரியரும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் சேனல் சில நிமிடம் ஓடி நின்றுவிடும்.

வேலை முடித்துக் கிளம்பும் முன்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, உச்ச நேரத்தில் மறுபடி எண் எடுங்கள். மாற்றும் முன் பழைய கன்ஃபிக்கைக் கோப்பாக இறக்கி வையுங்கள். மாற்றியதைச் சேவ் செய்தீர்களா என்று இரண்டாம் முறையும் பாருங்கள். பல ஸ்விட்சுகளில் 'அப்ளை' வேறு, 'சேவ்' வேறு. சேவ் ஆகாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். நம்மூரில் அதற்கு அதிக நாள் ஆகாது. சுற்றி வந்து வரைந்த அந்தத் தாளைத் திருத்தி, தேதி போட்டு, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அழைப்பு வரும்போது அண்ணாச்சியை அதன் முன் நிற்கவைத்து, எந்தப் போர்ட் விளக்கு என்ன நிறம் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளலாம்.